நகரும் வீட்டில் தொலைந்த வோல்ட்

நத்தை தன் வீட்டைத் தன் முதுகிலேயே சுமந்து செல்கிறது. மனிதனுக்கும் அந்த ஆசை உண்டு. படுக்கை, சமையல் மேடை, குளியலறை, குளிர்பெட்டி எல்லாவற்றையும் ஒரே வண்டிக்குள் அடக்கி, அந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் அமெரிக்காவில் வெகுவாகப் பரவியிருக்கிறது. இத்தகைய வண்டியை அங்கே ‘மோட்டார் ஹோம்’ என்கிறார்கள். நாம் அதை ‘வீட்டு வண்டி’ என்று அழைப்போம். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் தோன்றிய வின்னபேகோ நிறுவனம் 1966-ஆம் ஆண்டில் இவற்றைத் தொழிற்சாலையில் செய்து வெளியிடத் தொடங்கியது.

அரிசோனா மாநிலத்தின் பாலைநிலத்தில் குவார்ட்சைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. குளிர்காலம் வந்துவிட்டால், வடக்கே பெய்யும் பனிக்குத் தப்பி வரும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் அவ்வூரைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் வந்து நிற்கும். வெட்டவெளியில் மின்கம்பம் ஏது? வண்டியில் உள்ள பாட்டரிதான் துணை.

அப்படி நிற்கும் ஒரு வண்டிக்குள் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரம். குழாயைத் திறக்கிறீர்கள். தண்ணீர் பம்பு முனகுகிறது. தண்ணீர் நூலிழையாக வடிகிறது. அதே நேரத்தில் தலைக்கு மேல் எரியும் விளக்கும் மங்குகிறது. குழாயை மூடியதும் விளக்கு மீண்டும் பிரகாசமாகிறது. என்ன கோளாறு?

“பாட்டரி போய்விட்டது” என்பதே முதலில் தோன்றும் விடை. ஆனால் புதிய பாட்டரி வாங்கி மாட்டிய பிறகும் பம்பு அப்படியே முனகக்கூடும். ஏனெனில் குற்றவாளி பாட்டரியாக இல்லாமலும் இருக்கலாம். அவனைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டரும், பள்ளியில் படித்த ஓம் விதியும் போதும்.

ஒரு வண்டி, மூன்று மின்சுற்றுகள்

வீட்டு வண்டியின் மின்கோளாறை நாமே சரிசெய்ய வேண்டுமானால், அதற்குள் மூன்று தனித்தனி மின்சுற்றுகள் இருக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, எஞ்சினுக்கு உரிய 12 வோல்ட் சுற்று. எஞ்சினைக் கிளப்புவதும் முன்விளக்குகளை எரிய வைப்பதும் இதன் வேலை. இரண்டாவது, வீட்டுக்கு உரிய 12 வோல்ட் சுற்று. இதற்குத் தனி பாட்டரி உண்டு. உள்விளக்குகள், தண்ணீர் பம்பு, மின்விசிறி போன்றவை இதில் இயங்குகின்றன. இரவெல்லாம் விளக்கு எரிந்து பாட்டரி தீர்ந்துபோனாலும் காலையில் எஞ்சின் கிளம்ப வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, 120 வோல்ட் மாறுதிசை மின்சுற்று. நம் நாட்டில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். அமெரிக்காவில் சாதாரண சாக்கெட்டில் கிடைப்பது 120 வோல்ட். முகாமிடங்களில் உள்ள கம்பத்தில் தடித்த கேபிளைச் செருகியோ, ஜெனரேட்டரை ஓட்டியோ இதைப் பெறுகிறார்கள். குளிர்சாதனம், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற பெரிய கருவிகள் இதில் ஓடும்.

120 வோல்ட்டை 12 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றி வீட்டுப் பாட்டரிக்கு ஏற்றும் கருவி கன்வர்ட்டர். அதற்கு எதிராக, பாட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக மாற்றித் தருவது இன்வர்ட்டர். மின்வெட்டின்போது உதவுவதற்காக நம் வீடுகளில் வைத்திருக்கும் இன்வர்ட்டரும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வரைபடம் மனத்தில் பதிந்துவிட்டால் கோளாறு எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். வெளிமின்சாரம் செருகியிருக்கும்போது விளக்குகள் நன்றாக எரிந்து, பிடுங்கியதும் எல்லாம் மங்கினால் பாட்டரியையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். செருகியே இருந்தும் பாட்டரி நாளுக்கு நாள் இறங்கினால் கன்வர்ட்டரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால், கோளாறு பெரும்பாலும் அந்த விளக்கின் அருகிலேயே இருக்கும்.

குறைந்த வோல்ட், நிறைந்த ஆம்பியர்

“பன்னிரண்டு வோல்ட்தானே, அதில் என்ன ஆபத்து?” என்று கேட்பவர்கள் உண்டு. உலர்ந்த கையால் 12 வோல்ட் பாட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அதிர்ச்சி உண்டாவதில்லை என்பது உண்மையே. நம் தோலின் மின்தடை அதிகம். 12 வோல்ட்டால் அதை மீறி உணரத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்த முடிவதில்லை. ஆனால் அதிர்ச்சி தராதது தீயும் வைக்காது என்று எண்ணுவது தவறு.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். திறன் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. 60 வாட் கருவி ஒன்று 120 வோல்ட்டில் இயங்கினால் அதற்கு அரை ஆம்பியர் போதும். அதே 60 வாட்டை 12 வோல்ட்டில் பெற வேண்டுமானால் 5 ஆம்பியர் வேண்டும். அதாவது பத்து மடங்கு மின்னோட்டம். கம்பியில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே கம்பி வழியாகச் சென்றால் வெப்பம் நூறு மடங்காகிறது! வோல்ட் குறைந்தால் ஆபத்து அடியோடு போய்விடுவதில்லை. அதிர்ச்சியிலிருந்து நெருப்புக்கு இடம் மாறுகிறது.

நல்ல நிலையில் உள்ள காரீய-அமிலப் பாட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பானர் தவறுதலாக இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர், சில வேளை ஆயிரத்துக்கும் மேலே, பாய்ந்துவிடும். ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் மோதிரம் இருந்து அது இடையில் அகப்பட்டுக்கொண்டால் விரலின் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே பாட்டரி அருகே வேலை செய்யும் முன் மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மும்முனகும் பம்புக்கு வருவோம். அது 6 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். பாட்டரியிலிருந்து பம்பு வரை 10 மீட்டர் செப்புக் கம்பி. குறுக்குப் பரப்பு 2 சதுர மில்லிமீட்டர். அதன் மின்தடை சுமார் 0.086 ஓம். இதை 6 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ அரை வோல்ட் வருகிறது. அந்த அரை வோல்ட்டைக் கம்பியே தின்றுவிடும்; பம்புக்குப் போய்ச் சேராது. 120 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது நான்கு விழுக்காடு. இத்தனைக்கும் இது நல்ல கம்பியின் கணக்கு. இடையில் ஓர் இணைப்பு கெட்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

மீட்டர் எப்போது ஏமாற்றும்?

இங்கேதான் புதிதாகப் பழுது பார்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள். பம்பை நிறுத்திவிட்டு, அதன் இணைப்பில் மீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள். 12.6 வோல்ட் காட்டுகிறது. “மின்சாரம் சரியாக வருகிறது, பம்புதான் கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டிப் புதிய பம்பு வாங்குகிறார்கள்.

மீட்டர் சொன்னது பொய்யல்ல. நாம் கேட்ட நேரம்தான் தவறு. மின்னோட்டம் இல்லாதபோது மின்தடையால் வோல்ட்டைத் தின்ன முடியாது. மின்னோட்டம் சுழி என்றால், அதை எந்தத் தடையால் பெருக்கினாலும் இழப்பும் சுழிதானே! மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. ஆகவே களிம்பு ஏறிய இணைப்பின் வழியாகவும் அது முழு வோல்ட்டையே காட்டும். குழாய் மூடியிருக்கும்போது பாதி அடைத்த குழாயிலும் நீரழுத்தம் முழுமையாகத்தான் இருக்கும். திறந்தால்தானே அடைப்பு தெரியும்?

ஆகவே பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரை நேர்திசை வோல்ட் அளவில், 20 வோல்ட் வரை காட்டும் இடத்தில் வையுங்கள். அதன் கம்பி ஆம்பியர் துளையில் செருகப்படவில்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அந்தத் துளையில் செருகிப் பாட்டரியில் வைத்தால் மீட்டரே குறுக்குச் சுற்றாகிவிடும்.

இப்போது நான்கு அளவுகள் எடுக்கிறோம். பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.4 வோல்ட். பம்பின் இரு முனைகளுக்கிடையே 9.4 வோல்ட். ஆக, 3 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. எந்த வழியில்? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதைப் பம்பின் நேர்முனையிலும் வைக்கிறோம்: 0.5 வோல்ட். இது கம்பிக்குரிய நியாயமான பங்கு. அடுத்து, பம்பின் எதிர்முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்கிறோம்: 2.5 வோல்ட்! கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 0.5, 9.4, 2.5 மூன்றும் சேர்ந்தால் 12.4. ஒரு வோல்ட்கூட மாயமாக மறையவில்லை. திருட்டு திரும்பும் வழியில் நடக்கிறது.

பல வீட்டு வண்டிகளில், கார்களைப் போலவே, மின்சாரம் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டம்தான். பம்பிலிருந்து வரும் குட்டைக் கம்பி ஒரு போல்ட்டால் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்கும். சட்டம் தடித்தது, அதன் மின்தடை மிகக் குறைவு. ஆனால் அந்தப் போல்ட்டு இருக்கும் இடமோ வண்டிக்கு அடியில். மழைநீரும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பும் அதில் படுகின்றன. பயணத்தின் குலுக்கல் அதைத் தளர்த்துகிறது. இரும்பில் துருவும் செம்பில் பச்சைக் களிம்பும் படிகின்றன. இரண்டும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை.

மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலேயே நிலையாக வைத்துக்கொண்டு, மற்ற முனையால் வழியைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு வாருங்கள். பம்பின் கம்பியில் 2.5 வோல்ட். கம்பி முனையிலுள்ள வளையத்திலும் 2.5 வோல்ட். அதை ஒட்டியுள்ள சட்டத்தைச் சுரண்டி வெற்று இரும்பில் தொட்டால் 0.05 வோல்ட். வளையத்துக்கும் சட்டத்துக்கும் இடையே, நகக்கண் அகல இடத்தில், 2.5 வோல்ட் தாவிக் குறைகிறது. அதுதான் கள்ளன் ஒளிந்திருக்கும் இடம். உள்விளக்கும் அதே போல்ட்டில் இணைந்திருந்ததால்தான் பம்பு ஓடும்போது அதுவும் மங்கியது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2.5 வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 15 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறன் இது. அத்தனை வெப்பம் அந்தச் சின்னஞ்சிறு இணைப்பில் உண்டாகிறது. இரும்புச் சட்டத்தில் இருந்ததால் வெப்பம் பரவிவிட்டது. இதே போன்ற இணைப்பு மெல்லிய பலகைச் சுவருக்குள் இருந்திருந்தால்? வீட்டு வண்டியின் சுவர்கள் பெரும்பாலும் மரமும் ஒட்டுப்பலகையும் நுரைப் பொருளும் கொண்டவை. சமையலுக்கான புரொப்பேன் வாயுவும் உடன் இருக்கிறது. மங்கும் விளக்கு ஒரு தொல்லை மட்டுமல்ல; எச்சரிக்கையும் ஆகும்.

சரிசெய்யும் முறை

முதலில் மின்சாரத்தின் ஊற்றுகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். வெளிமின்சாரக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால், பாட்டரியைக் கழற்றிய பிறகும் கன்வர்ட்டர் 12 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். கூரையில் சூரியப் பலகை இருந்தால் அதன் தொடர்பையும் துண்டியுங்கள். பிறகு பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள்.

ஏன் எதிர்முனை முதலில்? வண்டியின் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். எதிர்முனையை முன்பே எடுத்துவிட்டால் சுற்று அறுந்துவிடுகிறது. பிறகு ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டாலும் கேடில்லை. திரும்ப மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும். பாட்டரிப் பெட்டியைச் சற்று நேரம் திறந்து வைப்பதும் அவசியம். காரீய-அமிலப் பாட்டரிக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிப்பதற்கு.

போல்ட்டைக் கழற்றி, சட்டத்தில் அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிடுங்கள். களிம்பேறிய வளையத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை அதற்குரிய இடுக்கியால் நசுக்கிப் பொருத்துங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கமாக முடுக்கி, ஈரம் புகாமல் மேலே கிரீஸ் தடவுங்கள். இப்போது பம்பை ஓட்டி மீண்டும் அளந்தால், 2.5 வோல்ட் இருந்த இடத்தில் 0.1 வோல்ட்கூட இராது. பம்புக்கு ஏறத்தாழ 11.8 வோல்ட் கிடைக்கும்.

பியூஸ் யாருடைய காவலன்?

பியூஸ் கருவியைக் காப்பதற்காக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதன்மையாகக் கம்பியைக் காக்கிறது. எந்தக் கம்பி எத்தனை ஆம்பியரைச் சூடாகாமல் தாங்கும் என்பதைப் பார்த்தே பியூஸின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். வண்டிகளில் பயன்படும் தட்டைப் பியூஸ்களை நிறத்தாலேயே அடையாளம் காணலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

நீலப் பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதன் இடத்தில் பச்சையைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மின்னோட்டம் இரு மடங்காகும் வரை பியூஸ் பேசாமல் இருக்கும். கம்பியில் வெப்பமோ நான்கு மடங்காகிவிடும். அப்போது உருகுவது பியூஸ் அல்ல, கம்பியின் மேலுறை. போன பியூஸ் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. காரணத்தைத் தேடாமல் பெரிய பியூஸைப் போடுவது செய்தி கொண்டுவந்தவனின் வாயை அடைப்பதாகும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

இதுவரை சொன்னவை 12 வோல்ட் பக்கத்து வேலைகள். நிதானமும் கவனமும் உள்ள எவரும் இவற்றைக் கற்றுக்கொள்ளலாம். 120 வோல்ட் பக்கம் அப்படியல்ல. அது ஆளைக் கொல்லும். அங்கே பயிற்சி இல்லாதவர் செய்ய வேண்டியது கவனிப்பு மட்டுமே. பழுது பார்ப்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

கம்பியின் நிறத்தை நம்பி ஏமாறுவது அங்கே எளிது. கார்களில் கறுப்புக் கம்பி என்றால் வழக்கமாக எதிர்முனை. அமெரிக்க 120 வோல்ட் அமைப்பிலோ கறுப்புதான் பேஸ் கம்பி, வெள்ளை நியூட்ரல். ஒரே வண்டிக்குள் இரண்டு நிறமொழிகளும் பேசப்படுகின்றன! கேபிளைப் பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இன்வர்ட்டர் விழித்திருந்தால் பாட்டரியிலிருந்தே 120 வோல்ட் வந்துகொண்டிருக்கும். சில வண்டிகளில் ஜெனரேட்டர் தானாகவே கிளம்பும்.

வண்டிக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு. ரப்பர் டயர்கள் வண்டியைப் பூமியிலிருந்து பிரித்து வைக்கின்றன. வெளிமின்சாரக் கேபிளில் உள்ள எர்த் கம்பி எங்கேனும் அறுந்திருந்து, ஏதோ ஒரு கருவியில் மின்கசிவும் இருந்தால், வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்னேறி நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்தரையில் நின்றுகொண்டு கதவுப்பிடியைத் தொடுபவர்தான் அதை அறிவார். தொடும்போது சிறு ‘சுருக்’ இருந்தாலும் அலட்சியம் செய்யாமல் உடனே கம்பத்தில் உள்ள சுவிட்சை அணைத்துவிட வேண்டும். 5 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் சாக்கெட்டுகளைக் குளியலறையிலும் சமையல் மேடை அருகிலும் வைப்பது இதுபோன்ற கசிவுக்காகத்தான்.

கம்பத்துச் சாக்கெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வீட்டு வண்டிக்கான 30 ஆம்பியர் சாக்கெட் 120 வோல்ட் தர வேண்டியது. வண்டிகளைப் பற்றி அறியாத எலக்ட்ரீஷியன், துணி உலர்த்தும் எந்திரத்துக்கான சாக்கெட் என்று எண்ணி அதில் 240 வோல்ட் கொடுத்துவிடுவதும் நேர்ந்திருக்கிறது. செருகிய நொடியில் கன்வர்ட்டர், மைக்ரோவேவ், தொலைக்காட்சி எல்லாம் போய்விடும். செருகினாலே வோல்ட்டைக் காட்டும் சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. புதிய இடத்தில் அதை முதலில் செருகிப் பார்த்த பிறகே வண்டியின் கேபிளைச் செருக வேண்டும்.

இப்போது லித்தியம் பாட்டரிகளும் வீட்டு வண்டிகளுக்கு வந்துவிட்டன. காரீய-அமிலப் பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி என்று சொல்லிவிடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியோ பெரும்பகுதி தீரும்வரை ஏறத்தாழ ஒரே வோல்ட்டில் நிற்கும். அதன் மின்னேற்ற முறையும் வேறு. பழைய கன்வர்ட்டரோடு அப்படியே மாட்டிவிடாமல் பொருந்துமா என்று தெரிந்துகொள்வது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டு வண்டி நம்மிடம் இல்லாவிட்டால் என்ன? தொலைந்த வோல்ட்டைத் தேடும் சோதனையை மேசைமேலேயே செய்யலாம். இரண்டு டார்ச் செல்களைத் தொடராக இணைத்து, ஒரு பழைய இழை பல்பைச் சுற்றில் சேருங்கள். இடையில் பென்சிலின் கரிக்குச்சி ஒன்றை வையுங்கள். அதுதான் நம் களிம்பேறிய இணைப்பு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் ஏறத்தாழ 3 வோல்ட் முழுமையாக இருக்கும். பல்பை மாட்டி அளந்தால் குறைந்துவிடும். குறைந்த பகுதி எங்கே என்று கரிக்குச்சியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

மின்னோட்டம் பாயும்போது அளக்க வேண்டும் என்ற இந்த ஒரு பாடம் கார், டிராக்டர், வீட்டு இன்வர்ட்டரின் பாட்டரிப் பக்கம் ஆகியவற்றுக்கும் பொருந்தும். அடுத்த முறை ஏதேனும் விளக்கு மங்கும்போது, புதிய பாட்டரிக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், மீட்டரை எடுத்து வந்து அதன் இணைப்புகளைச் சோதித்துப் பாருங்கள்.